பழைய லாரியின் ஸ்டியரிங் தளர்ச்சி

திருவள்ளூரை அடுத்த திரூரில் 1904-ஆம் வருஷத்தில் ஐக்கிய நாணய சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. வீண் கடனைத் தவிர்க்கும் அந்நோக்கம் லாரி வைத்திருப்போருக்கும் பொருந்தும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் சுமை ஏற்றும், பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய லாரி, ஜி.என்.டி. ரோட்டில் நேரே செல்லாது அலைந்தால், உடனே ஸ்டியரிங் பெட்டியை முறுக்குவது பலரது வழக்கம். இது தவறு. மிகுதியாக முறுக்கினால், வளைவில் திருப்பிய சக்கரம் தானே நேர்நிலைக்கு மீளாது, விபத்து நேரும்.

முதலில் டயர்களின் காற்றைச் சரிபார்க்க வேண்டும். பின்பு வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கட்டை கொடுத்து, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது இடமும் வலமும் அசைக்க, மற்றொருவர் கீழே கவனிக்க வேண்டும். அசைவு எந்த மூட்டைத் தாண்டி அடுத்த உறுப்பைச் சேரவில்லையோ, தேய்மானம் அங்கேயே உள்ளது.

அடுத்து, முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தித் தாங்குகட்டை வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பற்றி ஆட்டுக. பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங் தளர்ந்தது. நில்லாவிடில் கிங் பின் தேய்ந்தது. ஸ்பிரிங் பட்டைகளின் யு-போல்ட் தளர்ந்தாலும் அச்சு நகர்ந்து வண்டி அலையும்.

நோயறிந்த பின்னரே மருந்து. குற்றமுள்ள உறுப்பை மட்டும் மாற்றுக; கிரீஸ் தவறாது இடுக. கிரீஸுக்கு ஆகும் செலவு சொற்பம். அதை மறந்தால் இழப்பது உயிராகவும் இருக்கலாம்.