மாசு தரும் வழி



தமிழில் 'மாசு' என்னும் சொல் பொதுவாகக் குற்றத்தைக் குறிக்கும். ஆயினும் பௌதிக நூல்களில் 'மாசூட்டல்' என்றொரு சொல் வழங்குகிறது. தூய படிகத்தினுள் வேற்றுத் தனிமம் ஒன்றை வேண்டுமென்றே சிறிதளவு சேர்ப்பதற்கு அப்பெயர். இம்மாசு நன்மை விளைப்பது எவ்வாறு என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம்.

கைத்தொலைபேசியிலும் மின்சார வண்டியிலும் உள்ள லிதியம் மின்கலங்கள் பெரும்பாலானவற்றில், லிதியம் அயனிகள் ஒரு திரவத்தின் வழியே சென்று மீள்கின்றன. அத்திரவம் எளிதில் தீப்பற்றக் கூடியது. அதற்கு மாற்றாக எரியாத பீங்கானை அமைக்கலாகாதா என்பது அறிஞர்களின் நெடுநாளைய வேட்கை. ஆனால், திடப்பொருளினூடே அயனி எங்ஙனம் செல்லும்?

2007-ஆம் ஆண்டில் ராமசாமி முருகன், வெங்கடராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர் ஆகிய மூவர், லிதியம், லாந்தனம், ஸிர்க்கோனியம், ஆக்ஸிஜன் சேர்ந்த பீங்கானொன்று சாதாரண வெப்பநிலையிலேயே அவ்வயனிகளை நன்கு கடத்துவதாக வெளியிட்டனர். பின்னர் ஆராய்ந்தோர் ஓர் உண்மையைக் கண்டனர். கலப்பற்ற தூய பீங்கானின் கடத்துதிறன் மிகக் குறைவு. சுடும் மூசையிலிருந்து சிறிது அலுமினியம் உட்புகுந்தாலோ, அது ஏறத்தாழ நூறு மடங்கு உயர்கிறது.

காரணம் எளிது. ரயில் பெட்டியில் அனைவரும் அவரவர் இடத்தில் நெருங்கி அமர்ந்துவிட்டால் ஒருவரும் நகர இயலாது; சில இடங்கள் காலியானால் நடமாட்டம் உண்டாகும். தூய படிகத்தில் லிதியம் அயனிகள் அவ்வாறே ஒழுங்காக நிரம்பியுள்ளன. அலுமினிய அயனியின் மின்னூட்டம் மூன்று; லிதியத்தினுடையது ஒன்று. ஆதலின் ஓர் அலுமினியம் புகுந்தால் மூன்று லிதியம் விலகும். இரண்டு இடங்கள் வெறுமையாகும். அயனிகளின் ஒழுங்கு குலைந்து, எத்திசையிலும் பாதை திறக்கிறது.

எனினும் அலுமினியம் அமர்வது லிதியம் செல்லும் பாதையிலேயே. மிகுந்தால் அதுவே தடையாகும். டான்ட்டலமோ ஸிர்க்கோனியத்தின் இடத்தில் அமர்ந்து, பாதையை மறிக்காமலே வெற்றிடம் தருகிறது. ஆனால் அதனையும் மிகுதியாகச் சேர்த்தால், செல்வதற்குரிய லிதியமே குறைந்துவிடும். ஏழு லிதியம் இருக்குமிடத்தில் ஏறக்குறைய ஆறரை எஞ்சுவதே நலம் என்று கண்டுள்ளனர்.

இப்பீங்கானிலும் இடர் உண்டு. மின்னேற்றும்போது லிதியம் உலோகம் இழைபோல் வளர்ந்து, அதன் நுண்ணிய இடுக்குகளை ஊடுருவுகிறது. அதனைத் தடுக்கும் முயற்சி நடைபெற்று வருகிறது.

மாசு என்பது குற்றமா, குணமா என்பதை அது அமரும் இடமும் அதன் அளவுமே முடிவு செய்கின்றன.