மாத்திரையும் தட்டச்சுப் பொறியும்

'பிளேடு ரன்னர்', 'டோட்டல் ரீகால்', 'மைனாரிட்டி ரிப்போர்ட்' ஆகிய ஹாலிவுட் படங்களில் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருக்கலாம். மூன்றுக்கும் மூலக்கதை அமெரிக்க எழுத்தாளர் ஃபிலிப் கே. டிக்குடையது. அவரைப் பற்றி 2007-இல் ஓர் ஆவணப்படம் வந்தது. கற்பனைத் துப்பறிவாளர்கள் சிலர் அவர் வாழ்க்கையைத் துருவுவதாக ஒரு ஜோடனை. அது வீண் வேலை. முன்னாள் மனைவியரும் நண்பர்களும் பேசும் இடங்கள்தான் படம்.

டிக் 1928-இல் சிகாகோவில் இரட்டைக் குழந்தையாகப் பிறந்தார். கூடப் பிறந்த ஜேன் ஆறே வாரத்தில் இறந்துபோனாள். அவள் கல்லறைக் கல்லிலேயே இவர் பெயரையும் பொறித்து, இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டுவைத்தார்கள்.

ஐந்து திருமணங்கள், ஐந்தும் முறிந்தன. 1974-இல், இளஞ்சிவப்பு ஒளி ஒன்று தன் மூளைக்குள் செய்தி பாய்ச்சியதாக நம்பினார். அதற்கு விளக்கம் தேடியே சுமார் 8,000 பக்கம் எழுதிக் குவித்தார். போலந்து எழுத்தாளர் லெம் தனி மனிதரே அல்ல, ஒரு குழு என்று எஃப்.பி.ஐ.க்குக் கடிதம்கூடப் போட்டார். பாவம், அமெரிக்க அறிவியல் புனைகதையாளர்களில் லெம் மனமாரப் பாராட்டிய ஒரே ஆள் இவர்தான்!

இதெல்லாம் திரைக்கு நல்ல தீனி. அதனால்தான் பித்தர் என்ற முத்திரை எளிதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அவருக்கு வாய்த்த கூலியையும் பாருங்கள். மலிவுப் பதிப்பு நாவலுக்குக் கிடைத்தது சொற்பம். நாய்களுக்கென விற்ற குதிரை இறைச்சியை வாங்கிச் சாப்பிட்ட காலத்தை அவரே எழுதியிருக்கிறார். குடும்பம் ஓட வேண்டுமானால் வேகமாக எழுத வேண்டும்; வேகத்துக்கு ஆம்ஃபெடமைன் மாத்திரை. 1963, 64 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுமார் பத்து நாவல்கள். 1963-இல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதும் வந்தது. வறுமை மட்டும் போகவில்லை.

1977-இல் வெளியான 'எ ஸ்கேனர் டார்க்லி' நாவலின் முடிவில், போதையால் செத்தவர்கள், சீரழிந்தவர்கள் என்று நண்பர்களைப் பட்டியலிடுகிறார். அதில் தன் பெயரையும் சேர்த்து, கணையம் கெட்டதைக் குறிக்கிறார். தன் நிலையை இவ்வளவு துல்லியமாக அறிந்தவரைப் பித்தர் என்று சொல்லி முடித்துவிடுவது எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது.

1982 மார்ச்சில், 53 வயதில் இறந்தார். 'பிளேடு ரன்னர்' திரைக்கு வந்தது அந்த ஜூனில்.

நேயர்களே, ஆவணப்படத்தை அவசியம் பாருங்கள். ஆனால் அதற்கு முன் அவருடைய 'யூபிக்' நாவலைப் படித்துவிடுங்கள்.