எல்லைப்புறத்து இரவு உணவு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

ஆண்டு விழா மேடைகளில் வள்ளுவரையும் கம்பரையும் பற்றிப் பேசுவது மரபு. இம்முறை அடுக்களையைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்துள்ளனர். இஃது அவையில் பேசத்தக்க பொருளா என்று ஐயுறுவோர் இருக்கலாம். ஒரு குடும்பத்தில் அன்பு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை அறிய விரும்புவோர் அவ்வீட்டின் பூசையறையைக் காண்பதினும், இரவு உணவு முடிந்தபின் சட்டியின் அடியைக் காண்பதே மேல் என்பது எமது கருத்து. கடைசியாக உண்ண அமர்பவருக்கு அச்சட்டியில் என்ன மீந்திருக்கிறது? இன்று யாம் பேசப்போவது இவ்வொரு கேள்வியைப் பற்றியே.

மேலைநாட்டாரிடம் 'மீட் லோஃப்' என்று ஓர் உணவு உண்டு. இறைச்சியைப் பொடியாகக் கொத்தி, ரொட்டித் தூள், முட்டை, வெங்காயம் முதலியவற்றுடன் பிசைந்து, ரொட்டி அச்சில் வைத்துச் சுட்டெடுப்பர். வெந்தபின் துண்டு துண்டாக அரிந்து, வேகவைத்த காய்கறிகளுடன் பரிமாறுவர். 1930களில் அமெரிக்காவில் பொருளாதார மந்தம் சூழ்ந்து பலர் வேலையிழந்து நின்ற காலத்தில், சிறிதளவு இறைச்சியைக் கொண்டு பெரிய குடும்பத்தின் பசியை ஆற்ற இவ்வுணவு பெரிதும் உதவிற்று. அதன் நுட்பம் இதுதான்: இறைச்சி எல்லாப் பக்கமும் ஒன்றாய்க் கலந்திருப்பதால், எந்தத் துண்டை எடுத்தாலும் அதில் ஒரே அளவு இறைச்சி இருக்கும்.

இதே நுட்பத்தை நாம் குடியிருக்கும் இந்த நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியின் தாய்மார்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். அவர்களிடம் சூட்டடுப்பும் இல்லை, ரொட்டி அச்சும் இல்லை. மண்சட்டியும், மரத்துடுப்பும், மரச்சீனிக் கிழங்குமே அவர்தம் கருவிகள். வெந்த கிழங்கோடு இறைச்சியையும் தேங்காய் அரைப்பையும் சேர்த்து மயக்கி எடுக்கும் உணவே அது. அதனுடன் ஓர் அவியலும், ஒரு கீரைத் துவரனும் சேர்ந்துவிட்டால் இரவு உணவு நிறைவுறும்.

இவ்வுணவு பிறந்த மண்ணின் வரலாற்றைச் சிறிது நினைவு கூர்வோம். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, தென் திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எல்லைக் கோடு விழுந்தது. 1979ஆம் ஆண்டு திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அன்று முதல், தெற்கு நோக்கிச் செல்லும் வண்டி பாறசாலை நிலையத்தை நீங்கிக் குழித்துறையை அடையுமுன் மாநிலம் மாறிவிடுகிறது. கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது. பள்ளிப் பாடநூல் மாறுகிறது. அடுப்பில் வேகும் பண்டம் மட்டும் மாறவில்லை. எல்லைக்கு இருபுறமும் அதற்கு மரச்சீனி என்றே பெயர். சேலத்திலிருந்து வந்தோர் அதனை மரவள்ளி என்றும் குச்சிக்கிழங்கு என்றும் கூறுவர். கோட்டயத்தார் கப்பை என்பர். பெயர் பலவாயினும் கிழங்கு ஒன்றே.

இக்கிழங்கு நம் நாட்டிற்கு உரியதன்று. தென் அமெரிக்காவில் தோன்றிப் போர்த்துகீசியர் வழியாக மலையாளக் கரையை அடைந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், பஞ்ச காலத்தில் ஏழைகளின் பசி தீர்க்கும் பயிர் இதுவே எனக் கண்டு, மக்களிடையே பரவச் செய்தார். மழையை நம்பிய செம்மண் மேட்டிலும் விளைவதாலும், பேருழைப்பு வேண்டாததாலும், அது விரைவில் வீட்டுக்கு வீடு வேர்கொண்டது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும், பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூருக்கு அவ்வரிசி வரும் வழி அடைபட்டது. அரிசி கிட்டாத அந்நாட்களில் எண்ணற்ற குடும்பங்களின் உயிரைத் தாங்கி நின்றது இம்மரச்சீனியே. பின்னர் 1963இல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் நடுவண் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அந்நிலையம் வெளியிட்ட வகைகளுள் ஒன்றுக்கு 'ஸ்ரீ விசாகம்' என்று அம்மன்னர் பெயரையே சூட்டியுள்ளனர்.

பஞ்சத்தில் உயிர் காத்த காரணத்தாலேயே இக்கிழங்குக்கு 'ஏழை உணவு' என்னும் பெயரும் ஒட்டிக்கொண்டது. நம் குடியிருப்பிலும் விருந்தினர் வரும் நாளில் அதனைச் சமைக்கக் கூசுவோர் உண்டு. உயிர் காத்த ஒன்றைக் கண்டு நாணுவது நன்றியாகுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனிச் செய்முறையைக் கூறுவோம். அறுவர் கொண்ட குடும்பத்திற்கு இரண்டு கிலோ மரச்சீனியும் அரைக்கிலோ இறைச்சியும் போதும். ஆடோ, மாடோ, கோழியோ, அவரவர் வழக்கம் எதுவோ அதனைக் கொள்க. கிழங்கு அன்று தோண்டியதாக இருத்தல் நன்று. தோண்டிய இரண்டு மூன்று நாட்களிலேயே அது கெடத் தொடங்கும். ஒன்றை ஒடித்துப் பார்த்து, உள்ளே நீலமோ கறுப்போ வரியோடியிருந்தால் வாங்காது விடுக.

கிழங்கின் மேற்றோலையும், அதனடியில் உள்ள தடித்த பட்டையையும் முழுவதும் உரித்து நீக்க வேண்டும். நடுவில் உள்ள நாரையும் எடுத்துவிட்டுச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கழுவுக. பிறகு நிறைந்த தண்ணீரில், மூடாத பாத்திரத்தில், நன்றாக வேகவைத்து, அந்நீரை முற்றும் வடித்துக் கொட்டிவிட வேண்டும். இது சுவைக்காகச் சொல்லும் விதியன்று. பச்சைக் கிழங்கில் சயனைடு என்னும் நஞ்சை வெளிப்படுத்தும் பொருள் உண்டு. கசப்பு வகையில் அது மிகுதி. தோலை உரிப்பதும், வேகவைப்பதும், நீரை வடிப்பதும் அந்நஞ்சை நீக்குவதற்கே. புதிதாய் இங்குக் குடிவந்த சகோதரிகள் எரிவாயுவை மிச்சப்படுத்த எண்ணிக் குறைந்த நீரில் வேகவைத்து, அந்நீரையும் உள்ளேயே வற்றவிடும் வழக்கத்தைக் கைவிட வேண்டுகிறோம். குழந்தைகள் பச்சைக் கிழங்கைக் கடித்துத் தின்னாதபடியும் பார்த்துக்கொள்க.

இறைச்சியைக் கொத்தியோ, சுண்டைக்காய் அளவினதாக நறுக்கியோ எடுத்து, மஞ்சள், மிளகாய், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம் ஆகியவற்றின் பொடியும், நறுக்கிய இஞ்சியும் பூண்டும் உப்பும் சேர்த்து, சிறிது நீரில் மெத்தென வேகவைக்க வேண்டும். அரைமூடித் தேங்காயைத் துருவி, சீரகமும், பச்சை மிளகாய் நான்கும், சிறிய வெங்காயம் ஏழெட்டும் கூட்டி, அம்மியில் ஒன்றிரண்டாகச் சதைத்து எடுக்க. வடித்த கிழங்கை மீண்டும் அடுப்பில் ஏற்றி, இறைச்சியை அதன் சாற்றோடு அதில் கொட்டி, தேங்காய் அரைப்பையும் சேர்த்து, சிறு தீயில் மரத்துடுப்பால் மயக்க வேண்டும். கிழங்கு வேறு, கறி வேறு என்று பிரித்தறிய இயலாத நிலை வந்ததும் இறக்கிவிடலாம். தேங்காய் எண்ணெயில் கடுகும், வற்றல் மிளகாயும், கறிவேப்பிலையும், மீதமுள்ள வெங்காயமும் தாளித்து மேலே ஊற்றுக.

சூடான இரண்டு கிலோ கிழங்கைக் கிண்டி மயக்குதல் எளிய செயலன்று. தோள் வலிமை வேண்டும். ஆகவே அத்துடுப்பை இல்லத்து ஆடவர் கையில் கொடுத்துவிடுமாறு தாய்மார்களுக்கு யாம் பரிந்துரைக்கிறோம். அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிய கைக்கு அஃது ஏற்ற உடற்பயிற்சி.

புலால் உண்ணாதோர் இறைச்சிக்கு மாறாக வேகவைத்த சிறுபயறு அரைக்கிலோ சேர்த்து இவ்வாறே செய்யலாம். இரண்டையும் வேண்டுவோர் தனித்தனிச் சட்டியில் செய்துகொள்க.

இறைச்சியோ பயறோ எதற்கு என்று கேட்கலாம். நூறு கிராம் மரச்சீனியில் புரதம் ஏறத்தாழ 1 கிராம் மட்டுமே; அது பெரும்பாலும் மாவுச்சத்தே. வயிறு நிறையும், உடல் வளராது. பழங்காலத்து மூதாட்டியர் மீன் குழம்பில்லாமல் கிழங்கைப் பரிமாற மனம் கொள்ளாதது இதனால்தான் போலும். நீரிழிவு உடையோர் கிழங்கைக் குறைத்துக் காய்கறியை மிகுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காய்கறிக்கு அவியலே தக்கது. சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், வெள்ளரிக்காய், புடலங்காய், பயற்றங்காய் ஆகியவற்றை விரல் நீளத்தில் அரிந்து, மஞ்சளும் உப்பும் இட்டுக் குறைந்த நீரில் வேகவைத்து, தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்துச் சேர்த்து, புளிப்புக்கு மாங்காயோ தயிரோ கூட்டி, பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் தூவி இறக்குவது. வீட்டில் மீந்த ஒவ்வொரு காயும் அதில் இடம் பெறும். எதுவும் தனித்துத் தலைதூக்காது. செங்கீரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப் பூவும் பூண்டும் சேர்த்துப் புரட்டினால் துவரனும் ஆயத்தமாகிவிடும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். நம் இல்லங்கள் பலவற்றில் இறைச்சிக் குழம்பு வைத்த நாளில் நடப்பது என்ன? முதற் பந்தியில் ஆடவர் அமர்வர். நல்ல துண்டுகள் அவர்தம் இலைக்குப் போகும். அடுத்துப் பிள்ளைகள், அதிலும் ஆண் பிள்ளைக்கு ஒரு துண்டு கூடுதல். எல்லோரும் கைகழுவிய பின்னர், சமைத்தவள் சட்டியை வழிப்பாள். அவளுக்குக் கிட்டுவது குழம்பும், எலும்பும், வெந்த வெங்காயமும். யாரும் இதனைத் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. துண்டு துண்டாய் இருக்கும் பண்டத்தில் முன்னே அமர்ந்தவன் பொறுக்கி எடுப்பதும், பின்னே வந்தவள் மிச்சத்தை ஏற்பதும் பழக்கத்தால் நடந்துவிடுகின்றன.

2019–21இல் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். கேரளத்தில் 36 பேர். இதற்குக் காரணங்கள் பல. எனினும் இரும்புச்சத்து மிக்க உணவு வீட்டுக்குள் வந்தும், அது வேண்டுவோர் இலையை அடையாமற் போவதும் அவற்றுள் ஒன்று என்பதை மறுக்க இயலாது.

மயக்கிய மரச்சீனியில் இந்த அநீதிக்கு இடமில்லை. அரைக்கிலோ இறைச்சி இரண்டு கிலோ கிழங்கில் கரைந்து நிற்கிறது. யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. முதல் அகப்பையில் உள்ளதே கடைசி அகப்பையிலும் இருக்கிறது. முன்னே உண்ட மாமனாரும், பின்னே உண்ட மருமகளும் ஒரே பண்டத்தை ஒரே சுவையில் உண்கின்றனர். சட்டத்தாலும் சொற்பொழிவாலும் எளிதில் வாராத சமத்துவம், ஒரு மரத்துடுப்பால் அரைமணி நேரத்தில் வந்துவிடுகிறது.

ஆயினும் துடுப்பு ஒன்றே போதாது. சுவை மிகுந்து, முன்னே உண்டோர் மும்முறை வாங்கிக்கொண்டால் சட்டி அப்போதும் காலிதான். ஆகவே யாம் வேண்டுவது இது: இவ்வுணவு சமைக்கும் இரவிலேனும், அளந்து ஆறு தட்டுகளில் ஒரே நேரத்தில் பரிமாறுங்கள், சமைத்தவரும் உடன் அமரட்டும், தண்ணீர் வேண்டுவோர் தாமே எழுந்து எடுத்துக்கொள்ளட்டும். உண்டவுடன் கட்டன் சாயா குடிக்கும் எல்லைப்புற வழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். தேயிலை, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேராமல் தடுக்கும் என்பர் மருத்துவர். மாறாக எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அச்சத்து நன்கு சேரும்.

நெல்லையிலிருந்தும், தஞ்சையிலிருந்தும், சேலத்திலிருந்தும் பிழைப்பை நாடி இவ்வெல்லைக்கு வந்து குடியேறிய நாம், ஊர்தோறும் வேறுபட்ட சமையலைக் கொண்டுவந்திருக்கிறோம். அவற்றோடு இம்மண் தரும் இவ்வுணவையும் ஏற்றுக்கொள்வோமாக. நம் பெண் மக்கள் 'அம்மா சாப்பிட்டாளா?' என்று கேட்டு வளர்வது போலவே, ஆண் மக்களும் அக்கேள்வியைக் கேட்டு வளர்வார்களாயின், சங்கம் நடத்தும் தமிழ் வகுப்பின் பயன் அதனினும் பெரிதாக இராது.

 வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்!