நோயுற்ற குழந்தையும் கோமாளித் தொண்டரும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழர்க்குக் கடல் என்பது கண்ணுக்கு இனிய காட்சி மட்டும் அன்று. தாயகத்துக்கும் தமக்கும் இடையே கிடக்கும் தொலைவும் அதுவே. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலிலோ மூன்று நாட்கள் வரை ஆகும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின்னர் இலங்கையிலிருந்து வந்து, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். அத்தகைய தீவு ஒன்றில் ஒரு குழந்தை கடும் நோயுற்றால், முதலில் கடல் கடந்து ஸ்ரீ விஜயபுரத்துக் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையை அடைய வேண்டும். அங்கு இயலாத சிகிச்சை தேவைப்படின், மீண்டும் கடல் கடந்து சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ செல்ல வேண்டும்.

இவ்வாறு வந்து சேரும் குழந்தையின் நிலை என்ன? தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் உடன் இருப்பர். புதிய ஊர், புதிய முகங்கள், இரவிலும் அணையாத விளக்கு. ஊசி போட வருபவர் குழந்தையின் சம்மதத்தைக் கேட்டு வருவதில்லை. இரத்தம் எடுப்பவரும் கேட்பதில்லை. கசப்பு மருந்தைக் கையில் ஏந்திய தாயும் கேட்பதில்லை. எல்லாம் அதன் நன்மைக்கே என்பது பெரியவர்களாகிய நமக்குத் தெரியும். குழந்தைக்குத் தெரிவதெல்லாம், ‘வேண்டாம்’ என்னும் தன் சொல்லுக்கு இங்கு மதிப்பே இல்லை என்பதுதான்.

இந்த இடத்தில்தான் மருத்துவமனைக் கோமாளி வருகிறார். அவர் அறைக்குள் நுழைவதில்லை, வாயிலில் நிற்கிறார். சிவந்த மூக்கை மட்டும் நீட்டி, “உள்ளே வரலாமா?” என்று கேட்கிறார். குழந்தை தலையசைத்தால் வருவார். முகத்தைத் திருப்பிக் கொண்டால், தொப்பியைத் தவறவிட்டு, அதைத் தேடியவாறே போய்விடுவார். நாள் முழுவதும் யாரையும் தடுக்க இயலாத அக்குழந்தை, ஒருவரை மட்டும் ‘போ’ என்று சொல்ல முடிகிறது, அவரும் போகிறார்! சிரிப்பு பிறகு வரலாம், வராமலும் போகலாம். இந்த அனுமதிதான் அவர் கொண்டுவரும் முதல் மருந்து என்று நாம் கருதுகிறோம். இன்று நாம் பேச முற்படுவது, அந்த அனுமதியைக் காக்கும் பொறுப்பை ஏற்று இத்தகைய தொண்டமைப்புகளை நடத்துவோரைப் பற்றியே.

இப்பணி ஒழுங்கான அமைப்பாக உருப்பெற்றது 1986ஆம் ஆண்டில், நியூயார்க் நகரில். ‘பிக் ஆப்பிள் சர்க்கஸ்’ என்னும் சர்க்கஸை நிறுவியோருள் ஒருவரான மைக்கேல் கிறிஸ்டென்சன், தம் உடன்பிறந்தாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரின் பின்னர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கோமாளிகளை அழைத்துச் செல்லும் பிரிவு ஒன்றை அவர் தொடங்கினார். 1993ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஆந்த்ரே, யான் பூலீ என்னும் சகோதரர் இருவர் தெயோதோரா அறநிலையத்தைத் தோற்றுவித்தனர். ஆந்த்ரே சிறுவனாக இருந்தபோது விபத்தில் அடிபட்டு நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தவர். அந்நாட்களில் தம்மை நாள்தோறும் வந்து பார்த்துச் சிரிக்க வைத்த அன்னையின் பெயரையே அவர் அறநிலையத்துக்குச் சூட்டினார். இழப்பும் நோயும் அறிந்தவர்களே இதனைத் தொடங்கினர் என்பது கருதத்தக்கது.

நம் நாட்டிலும் இப்பணி வேரூன்றியுள்ளது. டில்லியில் 2016ஆம் ஆண்டில் மானிடவியல் பயின்ற சீத்தல் அகர்வால் ‘கிளவுன்செலர்ஸ்’ என்னும் குழுவைத் தொடங்கி, சாச்சா நேரு குழந்தைகள் மருத்துவமனைக்குத் தொண்டர்களை அழைத்துச் சென்றார். சென்னையில், 1991ஆம் ஆண்டில் ஆயிஷா ராவ் நிறுவிய ‘லிட்டில் தியேட்டர்’ என்னும் நாடக அமைப்பின் சார்பில், எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கோமாளிகள் சென்றனர். அப்பணியை முன்னின்று நடத்திய ரோகிணி ராவ் ஒரு மருத்துவர். பாய்மரப் படகுப் போட்டிகளில் நாட்டின் சார்பில் கலந்து கொண்ட வீராங்கனையும் ஆவார். காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்த்துப் பாயைத் திருப்பும் பழக்கம், ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து ஆட்டத்தைத் திருப்பவும் உதவக்கூடும் அல்லவா?

இப்பணியால் உண்மையில் பயன் உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரின் மேயர் குழந்தைகள் மருத்துவமனையில் 40 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2005ஆம் ஆண்டில் வெளிவந்தன. அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து தரும் வேளையில், ஒரு சாராருடன் பெற்றோர் மட்டும் இருந்தனர். மற்றொரு சாராருடன் பெற்றோரோடு கோமாளிகளும் இருந்தனர். கோமாளிகள் உடனிருந்த குழந்தைகளிடம் அச்சம் தெளிவாகக் குறைந்திருந்தது. 2020ஆம் ஆண்டில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட தொகுப்பாய்வு, 24 ஆய்வுகளையும் 1,612 குழந்தைகளையும் கணக்கில் கொண்டு, கோமாளிகளின் வருகை குழந்தைகளின் பதற்றத்தைக் குறைக்கக்கூடும் என்று கூறிற்று. கோமாளி நோயைத் தீர்ப்பவர் அல்லர். நோயைத் தாங்கும் வலிமைக்குத் துணை நிற்பவர்.

ஆயினும் பிளாரன்ஸ் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. குழந்தைகளுக்கு நன்மை விளைந்ததை ஒப்புக்கொண்ட அறுவைக் கூடப் பணியாளருள் பெரும்பாலோர், இப்பழக்கம் தொடர்வதை விரும்பவில்லை. தம் வேலை முறைக்கு இடையூறு நேர்வதாக அவர்கள் கருதினர். நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மருத்துவமனை ஓர் அரங்கம் அன்று. அங்கே ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு கடமை உண்டு. கோமாளியின் ஆட்டத்தையும் நர்சின் கடமையையும் ஒன்றோடொன்று மோதாமல் பொருத்துவதே தலைமை ஏற்பவரின் பணி.

அப்பணி வெளியார் கண்ணுக்குப் புலப்படாதது. எந்தப் பிரிவுக்கு எந்நாளில் எந்நேரத்தில் செல்வது என்று மருத்துவமனையுடன் பேசி முடிவு செய்ய வேண்டும். தொண்டர்களைத் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் பழக்க வேண்டும். தனியாக எவரையும் அனுப்பாமல் இருவர் இருவராக அனுப்ப வேண்டும். உள்ளே போகுமுன் எந்தக் குழந்தை எந்நிலையில் உள்ளது என்று நர்சிடம் கேட்டறிய வேண்டும். கட்டிலுக்குக் கட்டில் கை கழுவ வேண்டும். இருமலோ காய்ச்சலோ உள்ள தொண்டர், எவ்வளவு ஆர்வம் உடையவராயினும், வீட்டிலேயே இருக்க வேண்டும். முகம் முழுதும் வண்ணம் பூசினால் சிறு குழந்தைகள் அஞ்சும். ஆதலின் மூக்கில் ஒரு சிவப்புக் குமிழே போதும். குழந்தையின் படத்தை எடுத்து ஊரெல்லாம் காட்டுவது கூடாது. கேட்டறிந்த செய்தியை வெளியே பேசுவதும் கூடாது.

வந்த வாரம் வந்து, அடுத்த வாரம் வராமல் போவது எல்லாவற்றினும் பெரிய தீங்கு. ஞாயிற்றுக்கிழமைக்காக ஆறு நாட்கள் காத்திருந்த குழந்தைக்கு, வராத கோமாளி இன்னொரு வலியே ஆவார். ஆகவே, விழா நாளில் வந்து இனிப்பு வழங்கிச் செல்ல நூறு பேர் கிடைக்கலாம். மழைக்காலத்திலும் தவறாமல் வரக்கூடிய பத்துப் பேரைச் சேர்ப்பதே அரிது.

இன்னொரு நாளும் உண்டு. சென்ற வாரம் தொண்டரின் தொப்பியைப் பறித்து விளையாடிய குழந்தையின் கட்டில், இவ்வாரம் வெறுமையாக இருக்கும். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு குழந்தை கோமாளியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். அன்று தொண்டர் தம் கண்ணீரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போக வேண்டும். பணி முடிந்து மூக்கைக் கழற்றிய பின், அவர்கள் அனைவரையும் ஓரிடத்தில் அமர்த்தி, மனச்சுமையை இறக்கி வைக்கச் செய்வதும் தலைவரின் பொறுப்பே. இதனைச் செய்யாத குழு நெடுநாள் நிலைக்காது. தலைமை நிலைத்தால் பணியும் நிலைக்கும். 2016ஆம் ஆண்டில் பிக் ஆப்பிள் சர்க்கஸ் பொருளிழந்து தளர்ந்தபோது, அதன் மருத்துவமனைப் பிரிவில் பணி செய்தோர் மறு ஆண்டே ‘ஹெல்தி ஹியூமர்’ என்னும் தனியமைப்பை நிறுவிப் பணியைத் தொடர்ந்தனர்.

கோமாளி நமக்குப் புதியவர் அல்லர். தெருக்கூத்தின் கட்டியக்காரன் அரசனுக்குக் கட்டியம் கூறிக்கொண்டே அவனைக் கேலியும் செய்வான். அவையோர் கேட்க அஞ்சியதை அவன் கேட்டுவிடுவான். மருத்துவமனைக் கோமாளியும் அவ்வாறே. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டத் தெரியாமல் விழிப்பார். அதைக் குழந்தைதான் அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தக் கணத்தில் நோயாளி ஆசிரியர் ஆகிவிடுகிறார்!

தீவுகளைப் பொறுத்தவரை இக்கலைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள மக்கள் 3,80,581 பேர். வங்க மொழியினரே மிகுதி. தமிழர் ஏறத்தாழ 15 சதவீதம். தெலுங்கும் இந்தியும் மலையாளமும் நிக்கோபாரியும் அருகருகே ஒலிக்கின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், ஒரு சொல்லுக்கு ஒத்த சொல்லைத் தேடி அரை நாள் கழிப்பதுண்டு. தன் காலணியையே கண்டு பயந்து ஓடும் கோமாளிக்கோ மொழிபெயர்ப்பாளர் தேவை இல்லை. கார் நிக்கோபார்ச் சிறுமியும் கச்சால் தமிழ்ச் சிறுவனும் ஒரே கணத்தில் சிரிப்பர்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே! தமிழ்ச் சங்கம் இல்லாத பெருநகரம் அரிது. ஆண்டு விழாவில் நாடகம் போடாத சங்கமும் அரிது. அந்த மேடையில் நகைச்சுவை வேடம் தாங்கும் அன்பர் உங்களிடையே நிச்சயம் இருப்பார். கணக்கு எழுதவும் கடிதம் வரையவும் நாள் தவறாமல் வரவும் வல்லவர் ஒருவர் அவரோடு சேர்வாராயின், குழுவுக்கு வித்து விழுந்துவிட்டது. அவ்விருவரும் முதலில் செய்ய வேண்டியது சிவப்பு மூக்கு வாங்குவது அன்று, அருகிலுள்ள மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குச் சென்று, அங்குள்ள தலைமை நர்சிடம், “நாங்கள் உள்ளே வரலாமா?” என்று கேட்பதுதான்.