சுவிட்சர்லாந்தில் தங்க ஒரு வழி

சுவிட்சர்லாந்தில் தங்குவதற்குச் செலவு அதிகம்தான். ஆனாலும் வழி இருக்கிறது. அங்குள்ள யூத் ஹாஸ்டல்கள் இளைஞர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். குழந்தைகளோடு குடும்பமும் தங்கலாம், அறுபதைத் தாண்டியவர்களும் தங்கலாம். முழு அறை வேண்டாம், ஒரு படுக்கைக்கு மட்டும் வாடகை கொடுக்கலாம். விரிப்பும் காலை உணவும் அதிலேயே அடக்கம். இன்டர்லாக்கனில் கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. பாசெல், பெர்ன் நகரங்களில் விடுதியில் தங்குகிறவர்களுக்கு உள்ளூர் டிராம், பஸ் பயணமும் இலவசம்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஷெங்கன் விசாவுக்கும் தங்குமிடச் சான்று கேட்பார்கள். ஆகவே, பயணத் தேதி முடிவானதுமே பதிவு செய்யுங்கள். ரத்து விதிகளைப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.