அமர் ஷேக்கைத் தெரியும், மல்லிகாவைத் தெரியுமா?

(விக்ரோலியில் நடைபெற்ற இலக்கியக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



மும்பைத் தொழிலாளர் இயக்கத்தில் ஷாஹிர் அமர் ஷேக்கின் பெயரை அறியாத மூத்த தோழர்கள் இல்லை. அண்ணாபாவ் சாட்டே, கவாண்கர் ஆகியோரோடு செங்கொடிக் கலைக்குழுவில் பாடியவர் அவர். சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்ட மேடைகளில் ஒலித்த குரல் அவருடையது. அவருடைய மகள் மல்லிகா அமர் ஷேக் மராத்தியின் முக்கியமான கவிஞர். அவரை அறிந்த சிலரும், தலித் பேந்தர் தலைவர் நாம்தேவ் தசாலின் மனைவி என்ற அளவிலேயே அறிவர். தந்தை வழியாகவும் கணவர் வழியாகவும் அறியப்பட்டாரேயன்றிக் கவிதை வழியாக அறியப்படவில்லை. 1984இல் வெளிவந்த தன்வரலாற்றில் தம் மணவாழ்வின் துயரத்தை அவர் ஒளிக்காமல் எழுதினார். ஜெர்ரி பின்ட்டோவின் மொழிபெயர்ப்பில் அந்நூல் ஆங்கிலத்துக்கு வந்தது 2016இல்தான்.

தமிழிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வெளிவந்தபோது, தலைப்பைக் கண்டே கூச்சலிட்டவர்கள் பலர். சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோர்மீதும் ஆபாசப் பழி விழுந்தது. உடலை எழுதுவது வர்க்க அரசியலைத் திசைதிருப்பும் என்ற முணுமுணுப்பு முற்போக்கு வட்டாரங்களிலும் உண்டு. இது மார்க்சியம் அன்று. பழைய ஒழுக்கவாதத்துக்குப் போர்த்திய சிவப்புத் துணி. உழைப்பைச் சுரண்டுவோர் உடலிலிருந்துதான் அதைச் சுரண்டுகின்றனர். சாதி தீண்ட மறுப்பதும் உடலையே. பகலெல்லாம் கூலி வேலையும் இரவில் வீட்டு வேலையும் செய்யும் பெண் தன் உடலைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவாள்?

2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளை நீக்கியது. கண்டன அறிக்கைகள் வந்தன, வந்ததும் நன்றே. ஆனால் நீக்கப்பட்ட கவிதையைத் தேடிப் படித்தவர்கள் கண்டித்தவர்களைவிடக் குறைவாகவே இருப்பர். 2023 பிப்ரவரியில், அதானி குழுமம் ஆதரவாளர் என்று அறிந்ததும் சுகிர்தராணி தேவி விருதை மறுத்தார். தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் அதே குழுமம் வென்று அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. இராணிப்பேட்டைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியையின் அந்த மறுப்பு தாராவித் தமிழர்க்குத் தொலைவான செய்தி அன்று.

படித்ததைப் பகிர்வதிலும் ஒரு நேர்மை தேவை. கைப்பேசியில் கைமாறும் கவிதை மூன்றாவது கையிலேயே கவிஞரின் பெயரை இழந்து 'படித்ததில் பிடித்தது' ஆகிவிடுகிறது. பெயரற்றுப் போவது பெண்ணுக்குப் புதிதன்று. அதை இயக்கத்தவரே செய்தல் தகாது. கவிஞர் பெயரும் நூற்பெயரும் சேர்ந்தே செல்லட்டும்.

விக்ரோலியின் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வசதி இருக்கிறது. தாய் தமிழ் படிப்பார். மகள் பள்ளியில் மராத்தி கற்றிருப்பாள். மல்லிகாவின் ஒரு கவிதையை மகள் மராத்தியில் வாசித்து, தெரிந்த தமிழில் பொருள் சொல்லலாம். சுகிர்தராணியின் ஒரு கவிதையைத் தாய் வாசிக்கலாம். மொழிபெயர்ப்பு நூல் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிளைக் கூட்டத்தில் அறிக்கை வாசிப்புக்கு முன்னர்ப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். வாசிக்கும் பெண்களைத் தேநீர் போட அனுப்பாமல் இருந்தால், அந்தப் பத்து நிமிடம் தாராளமாகக் கிடைக்கும்.