நீருள் நிற்கும் ஆலயம்



சுவேத நதிக்கரைக் கெங்கவல்லியில் பத்தாண்டுகளாய்த் தமிழ் வளர்க்கும் இவ்வட்டத்தின் முன் வைக்கத்தக்க வரலாறு ஒன்று, இதே சேலம் மாவட்டத்தின் மேற்கெல்லையில், காவிரி நீருக்கடியில் கிடக்கிறது.

1925-இல் தொடங்கப்பெற்ற மேட்டூர் அணை, 1934 ஆகஸ்ட் 21-இல் திறக்கப்பெற்றது. 120 அடி வரை நீர் தேங்கும் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அப்பரப்பினுள் நாயம்பாடி முதலிய ஊர்கள் அடங்கின. வீடும் வயலும் மட்டுமல்ல, சலகண்டேசுவரர் கோயிலும் கிறித்தவத் தேவாலயமும் ஒருங்கே மூழ்கின. சமயம் இரண்டாயினும் சமாதி ஒன்றே.

ஊரிழந்தோர் காவேரிபுரம், தங்கமாபுரிப்பட்டணம் ஆகிய இடங்களிலும், கொள்ளேகால் பகுதி மார்ட்டள்ளியிலும் குடியேறினர். கொள்ளேகால் அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1956-இல் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. ஆற்றால் ஊரை இழந்தவர்கள், இருந்த இடம் பெயராமலே மாநிலத்தையும் இழந்தனர். அணையின் வரலாற்றில் அவர்களுக்குக் கிடைத்த இடமோ ஓரிரு வரி.

கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க, பண்ணவாடிப் பரிசல்துறைப் பக்கம் முதலில் தேவாலயக் கோபுரம் தலைகாட்டும். பின்னும் குறைந்தால் நந்தி வெளிப்படும். செய்தித்தாள்கள் அப்போது மட்டும் அவற்றை நினைக்கின்றன. ஆனால் ஆலயத்தைக் காணும் நாள் தஞ்சைத் தரணி கலங்கும் நாள். ஜூன் 12-இல் குறுவைக்கு நீர் வருமா என்னும் ஏக்கம் அங்கே. பாட்டன் வழிபட்ட கோபுரத்தைப் பேரன் காணும் நிறைவு இங்கே. ஒருவர் கண்குளிர, மற்றொருவர் வயல் காய வேண்டியிருக்கிறது. குற்றவாளி என்று எவரையும் சுட்ட இயலாத துயரம் இது.

உருசிய நாட்டில் வோல்கா நதிக்கரைக் கல்யாசின் நகரிலும் இத்தகைய கதை உண்டு. 1939-ஐ ஒட்டி உக்லிச் நீர்த்தேக்கத்திற்காக ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் புனித நிக்கோலாசு பேராலயம் இடிக்கப்பட்டது. 1800-இல் கட்டிமுடிக்கப்பெற்ற மணிக்கோபுரம் மட்டும் எஞ்சியது. அது நீருக்குமேல் எந்நாளும் நின்று, இழந்ததை ஊரறியச் சொல்கிறது. காவிரிக் கோபுரத்திற்கு அந்தப் பேறும் இல்லை. பஞ்சம் வந்தால்தான் அதற்கு வாய் திறக்கும்.

பறம்பை இழந்த பாரி மகளிரின் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. மலையை இழந்தாலும் அவர்கள் சொல்லை இழக்கவில்லை. ஆதலால் பறம்பு இன்றும் வாழ்கிறது. நாயம்பாடிக்கும் தமிழ்க் கவிதை அந்தக் கடன் பட்டிருக்கிறது. ஊர்விட்டு வந்த நாளில் தாயின் இடுப்பில் இருந்த குழந்தைகூட இன்று தொண்ணூறைக் கடந்திருக்கும். எனவே பிள்ளைகளிடமும் பேரர்களிடமும் எஞ்சியுள்ள தெருப்பெயர்களையும், திருவிழா நினைவுகளையும், ஒப்பாரிகளையும் காலந்தாழ்த்தாது திரட்டுதல் வேண்டும்.

காவிரியை வாழ்த்தும் மரபு சிலப்பதிகாரம் தொட்டு வருவது. அந்த வாழ்த்து, அவளுக்கு வழிவிட்டு எழுந்துபோனவர்களையும் சேர்த்துக்கொள்ளும்போதுதான் நிறைவுறும். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டத்தின் கவிஞர்கள் அப்பணியை ஏற்பார்களாக.

வாழ்க தமிழ்! வளர்க வட்டம்!